ராமநாதபுரம் கடற்கரைக்கு கேம்பர் வேன்: எதைப் பொருத்துவது, எதை விட்டுவிடுவது

கேம்பர் வேனுக்கு (உள்ளேயே சமைத்து, படுத்துத் தங்கும் வேன்) என்று விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஏரிக்கரைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை நீளும் நம் கரையில் அவற்றில் பாதி தேவையே இல்லை; மீதியில் பாதி இரண்டு பருவம் தாங்காது. உப்புக்காற்று, பொடிமணல், வெயில் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடம் இது. அதனால் இங்கே செலவழிக்க வேண்டிய வரிசையே வேறு: முதலில் ஒயரும் ஃப்யூஸும், அடுத்து தண்ணீர், பிறகு காற்று, கடைசியாகத்தான் ஃப்ரிட்ஜ்.

உப்புக்கு முதல் மரியாதை

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப்பகுதி அரிப்பால் பலம் குன்றி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் வேனுக்கடியில் தொங்கும் ஒயர் முனைக்கு என்ன ஆகும்?

சாதாரண தாமிர ஒயரில் களிம்பு ஏறுவது வெளியே தெரியாது. ஒயர் முனையில் லக் என்ற உலோக வளையத்தை அழுத்திப் பொருத்திய இடத்தில் நுழையும் ஈரம், உறைக்குள்ளேயே ஒரு அடி தூரம் போய்விடும். தடை கூடும், முனை சூடாகும், விளக்கு மங்கும், பம்ப் திணறும். பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குபவர்கள் உண்டு. எனவே வெள்ளீயம் பூசிய தாமிர ஒயரையே கேட்டு வாங்குங்கள். படகுக்கு மின்வேலை செய்பவர்களுக்கு எங்கே கிடைக்கும் என்று தெரியும். ஒவ்வொரு முனைக்கும் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, சூட்டில் பசை ஓரத்தில் கசிந்து வரும்வரை காட்ட வேண்டும். பசை இல்லாத சாதாரணக் குழாய் ஈரத்தைத் தடுக்காது, உள்ளே பூட்டிவைக்கும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றுவது இந்தக் கரையில் வேலையே அல்ல.

போல்ட், கீல், கொக்கி எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகம். 304 உடனே இற்றுவிடாது, ஆனால் சில மாதத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறும். அலுமினிய சட்டத்தில் எஸ்.எஸ். போல்ட் நேரடியாகப் பட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரிக்கப்படும். இடையில் நைலான் வாஷர் போடுங்கள். பேட்டரி முனைகளை முறுக்கி முடித்த பிறகு பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். முறுக்குவதற்கு முன் தடவினால் தொடர்பு சரியாக அமையாது. துருநீக்க ஸ்ப்ரே இறுகியதைக் கழற்ற மட்டுமே. அது சீக்கிரம் ஆவியாகிவிடும், பாதுகாப்புப் பூச்சாக நிற்காது.

ஒரு விதிவிலக்கு: சறுக்குக் கதவின் தடத்தில் கிரீஸ் வைக்காதீர்கள். மணலும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள் வேலை செய்யும். உருளைகள் தேய்ந்து கதவு தொங்கும். அங்கே உலர் சிலிக்கான் ஸ்ப்ரே போதும், அதற்கு முன் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட வேண்டும்.

மின்சாரம்: முதலில் கணக்கு, பிறகு கடை

இருவர் தங்கும் சிறு வேனின் ஒரு நாள் செலவு ஏறத்தாழ இப்படி வரும். 20 வாட் 12 வோல்ட் ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 400 வாட்-ஹவர். எல்.இ.டி. விளக்குகள் 50. போன், கேமரா சார்ஜ் 100. தண்ணீர் பம்ப் 20. இதோடு நின்றால் 600-க்குள் முடிந்தது. 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் சேர்த்தால், நம் வெயிலில் அது மட்டும் 500 முதல் 600 தின்னும். மொத்தம் 1,100-ஐ ஒட்டி வருகிறது.

12.8 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் இருப்பது 1,280 வாட்-ஹவர். அதில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியை ஏற்றினால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எடையும் இரண்டு மூன்று மடங்கு. அமில வாடையோடு உறங்கவும் வேண்டும். லித்தியத்தின் பலவீனம் சூடு. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறுவது நல்லதல்ல. மூடிய வேன் நடுப்பகலில் அதைத் தாண்டிப் போகும். இருக்கைக்கடியில் காற்று போகும் பெட்டியில், எஞ்சினிலிருந்து விலக்கி வையுங்கள். மாருதி ஈகோ போன்ற வண்டிகளில் முன் இருக்கைக்குக் கீழேதான் எஞ்சின். அங்கே இடம் இருக்கிறதே என்று பேட்டரியைத் தள்ளிவிடாதீர்கள்.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் வந்ததற்குக் காரணமான அதே வெயில்தான் உங்கள் கூரைமேலும் விழுகிறது. 330 வாட் பேனலில், ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு இழப்புகள் போக நாளுக்கு சுமார் 1,000 வாட்-ஹவர் எதிர்பார்க்கலாம். அட்டையில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரிக்கானது. தகரக் கூரையில் பேனல் 65 டிகிரியைத் தொடும்போது ஆறில் ஒரு பங்கு போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே ஒன்றரை அங்குலமாவது இடைவெளி விட்டால் காற்று ஓடி அந்த இழப்பைக் குறைக்கும். பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். வைகாசியில் தொடங்கும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பாம்பன் சாலைப் பாலத்தில் வேனையே பக்கவாட்டில் தள்ளும். போல்ட் போட்டு, ஓட்டையைச் சுற்றி சீலன்ட் அடைக்க வேண்டும். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. ரகமாக இருக்கட்டும். பேனலை விடியற்காலையில் நல்ல தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும்.

ஓடும்போது சார்ஜ் ஏற 30 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்ச் சேரும் நேரத்துக்குள் அது 400 வாட்-ஹவருக்குக் குறையாமல் ஏற்றிவிடும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்கு நேராக ஒயர் இழுத்தால் சில நாளிலேயே ஆல்டர்னேட்டர் கருகும் வாய்ப்பு உண்டு. இந்த பேட்டரி கேட்கும் அளவுக்கெல்லாம் மின்னோட்டம் தர அது செய்யப்படவில்லை.

ஃப்யூஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அது காப்பது கருவியை அல்ல, ஒயரை. 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் 95 ஆம்ப் அளவு இழுக்கும்: 125 ஆம்ப் ஃப்யூஸ், 35 சதுர மில்லிமீட்டர் ஒயர், நீளம் ஒன்றரை மீட்டருக்குள். வீட்டு மின்சாரம்போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் வாங்குங்கள். சட்னிக்கு 500 வாட் மிக்ஸி அதில் ஓடும். இன்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். அதற்காகவே பேட்டரியையும் ஒயரையும் இரட்டிப்பாக்க வேண்டிவரும்.

ஏ.சி.? கூரை ஏ.சி. ஓர் இரவுக்கு 4,000 வாட்-ஹவர் கேட்கும். மேலே சொன்ன பேட்டரி நான்கு வேண்டும், அதை நிரப்பப் பேனல் வைக்கக் கூரையில் இடமில்லை. வெயில் நாளில் ஏ.சி.தான் வேண்டும் என்றால் லாட்ஜில் அறை எடுப்பது மலிவு.

லாட்ஜ் வளாகத்தில் நிறுத்தி வெளி மின்சாரம் எடுக்கும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருள்ள எக்ஸ்டென்ஷன், ஒரு சாக்கெட் டெஸ்டர், வேனுக்குள் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். காய்ந்த மணலில் எர்த் சரியாக இறங்காத கட்டடங்கள் உண்டு. டெஸ்டர் எர்த் இல்லை என்று காட்டினால் இணைக்காதீர்கள். வேனின் தகர உடம்பு முழுக்க உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

தண்ணீர்

மாவட்டத்தின் கரையோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர்களில், பொதுக்குழாயில் ஹோஸ் மாட்டி நூறு லிட்டர் பிடிப்பது அழகல்ல. விலைக்கு வாங்குங்கள். வேனுக்கடியில் பெரிய டேங்க் பொருத்துவதைவிட 20 லிட்டர் கேன் நான்கு வைத்துக்கொள்வது இங்கே நல்லது: எந்தக் கடையிலும் மாற்றலாம், ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும், கழுவ எளிது. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. அச்சுக்கு மேலேயோ முன்னாலோ வையுங்கள், வாலில் ஏற்றாதீர்கள்.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சிறு பேனா அளவுதான், ஆனால் இந்தக் கரையில் அதற்கு உண்மையான வேலை உண்டு. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. கடல் நீர் சுமார் 35,000. மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அளவு குறைவாக இருப்பதால் மட்டும் குடித்துவிடக் கூடாது. 1,500-க்கு மேல் உள்ள நீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பம்ப், ஷவர் வழியே விட்டால் வெள்ளைப் படிவு கட்டும்.

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் கையால் தோண்டிய ஊற்றுகளில் நல்ல தண்ணீர் வருவதைப் பார்க்கலாம். மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதப்பதால் வருவது அது. அகப்பையால் மெல்ல மொண்டால் ஊறும். பம்ப் போட்டு உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறி ஊற்றே கெட்டுவிடும். அது அங்கே வாழ்பவர்களின் தண்ணீர், வேனுக்கு அல்ல.

குளியலுக்கு 12 வோல்ட் ஷவர் பம்பைவிட நாங்கள் சிபாரிசு செய்வது உரக்கடையில் விற்கும் 8 லிட்டர் கைத்தெளிப்பான். புதிதாக வாங்க வேண்டும். பூச்சிமருந்து பட்ட பழையது எக்காரணம் கொண்டும் ஆகாது. மின்சாரம் வேண்டாம், உப்புபோக ஒருவர் உடம்பை அலச நான்கு லிட்டர் போதும், கால் மணலைக் கழுவலாம், பேனலையும் அலம்பலாம். கறுப்புத் தொட்டி வாங்கி மதியம் வெயிலில் வைத்தால் சாயங்காலம் வெந்நீர்.

கேசட் டாய்லெட் (தொட்டியைக் கழற்றிக் காலி செய்யும் கழிப்பறை) வைத்திருந்தால் 35 டிகிரி வெயிலில் இரண்டு நாளுக்கு மேல் காலி செய்யாமல் விடாதீர்கள். ஃபார்மலின் கலந்த நீலத் திரவம் செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். என்சைம் வகை போதும். காலி செய்வது, அனுமதி கேட்டு, செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் மட்டும். கடலிலோ மணலிலோ கொட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் இந்தத் தெற்குக் கரைக்கு எதிரேதான் இருக்கின்றன.

அடுப்பும் காற்றும்

5 கிலோ சிலிண்டர் போதும். பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும். பெரிய சிலிண்டரிலிருந்து குட்டி சிலிண்டருக்கு கேஸ் மாற்றித்தரும் கடைகளை நாடாதீர்கள், அது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டி வேனின் உட்பக்கம் பார்த்து முழுதாக அடைபட்டிருக்க வேண்டும். அடித்தரையில் இரண்டு அங்குல ஓட்டை ஒன்று வெளியே திறக்க வேண்டும். கேஸ் கசிவு அலாரத்தையும் தரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்டுங்கள். கூரையில் மாட்டினால் அலறும்போது காலம் கடந்திருக்கும். ஓடும்போது வால்வு மூடி, சிலிண்டர் நிமிர்ந்து, பட்டையால் கட்டியிருக்க வேண்டும். சிவப்பு ரப்பர் குழாய் வேண்டாம், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு சுரக்‌ஷா குழாய் போடுங்கள். 2 கிலோ ஏ.பி.சி. தீயணைப்பான் கதவுக்கு அருகே, அடுப்பைத் தாண்டிப் போகாமலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நம் வீட்டு அடுப்புகளில் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பு பெரும்பாலும் இல்லை. கடற்காற்றில் சுடர் அணைவது சாதாரணம். மூன்று பக்கத் தகரத் தடுப்பு ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் தலையிலேயே திருகும் ஒற்றை அடுப்பைச் சுற்றி மட்டும் தடுப்பு வைக்கக் கூடாது; வெப்பம் சிலிண்டருக்கே திரும்பும்.

மீன் சுட கேஸ் எதற்கு? முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் மூட்டம் போட்ட சீமைக்கருவேலங்கரி இந்த மாவட்டத்தின் சொந்தச் சரக்கு. புகை குறைவு, கங்கு நீண்ட நேரம் நிற்கும். ஆனால் வேனுக்குள்ளும், ஷாமியானாவை மூன்று பக்கமும் இறக்கிவிட்ட நிழலுக்குள்ளும் கரி மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. முடிந்ததும் கங்கை மணலில் புதைக்காதீர்கள். அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு வருபவர் மிதிப்பார். கடல் நீர் ஊற்றி அணைத்து, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று முடிவு செய்தால் நல்ல ஐஸ் பெட்டி ஒன்று. மீன்பிடித் துறைகளையொட்டி ஐஸ் கம்பெனிகளில் பார் ஐஸ் கிடைக்கும். உடைக்காமல் பெரிய துண்டாகவே வைத்தால் நின்று உருகும். அது குடிக்கத் தகுந்த ஐஸ் அல்ல; பொருள்களை மூடிய டப்பாவில் வையுங்கள்.

புழுக்கமும் பாயும்

வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே மறைப்பதைவிட வெளியே மறைப்பது பல மடங்கு பலன் தரும். உள்ளே வந்துவிட்ட சூடு உள்ளேதான் சுற்றும். முன்கண்ணாடிக்கு வெளியே ஃபாயில் விரிப்பு, கூரைக்கு வெள்ளைப் பூச்சு. ஒரு ஃபேன் நிழல்பக்கத் தாழ்வான ஜன்னலில் காற்றை உள்ளே இழுக்கட்டும், இன்னொன்று கூரை வழியே வெளியே தள்ளட்டும். இரண்டும் உள்நோக்கி வீசினால் வெந்நீரைக் கலக்குவதுதான் நடக்கும். மெத்தைக்கு அடியில் பலகை முழுதாக இருந்தால் வியர்வை ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட ரீப்பர் கட்டைகள் அடித்து, மேலே கோரைப்பாய் போடுங்கள். காந்த ஓரமுள்ள கொசுவலைத் திரை நல்ல பொருள்தான், ஆனால் காந்தம் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கும். வெல்க்ரோ நீடிக்கும்.

மணலும் முள்ளும்

இந்தப் பயணத்தில் வண்டி நின்றுபோகும் காரணம் அநேகமாக எஞ்சினாக இருக்காது. ஒன்று மணல், இன்னொன்று சீமைக்கருவேல முள்.

தனுஷ்கோடிச் சாலையில் தார் விளிம்பைத் தாண்டிய மறுகணம் பொடிமணல். ஒதுக்கி நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். புதைந்துவிட்டால், சக்கரம் சுழலத் தொடங்கிய நொடியிலேயே ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்னும் அழுத்தினால் அச்சு மணலில் உட்காரும். எல்லாரும் இறங்கி, தண்ணீர் கேன்களையும் இறக்குங்கள். வண்டியை இழுக்கும் சக்கரம் எது என்று பார்த்து — ஈகோ, ஃபோர்ஸ் டிராவலர் வகைகளில் பின்சக்கரம் — அதன் முன்னால் சரிவாக மண்வெட்டியால் வெட்டுங்கள். சிறு வேனென்றால் டயர் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், முழுச்சுமை ஏற்றிய டிராவலரில் அவ்வளவு இறக்கினால் டயர் ரிம்மை விட்டு நழுவக்கூடும். மணற்பலகை இருந்தால் சக்கரத்தோடு ஒட்டித் தள்ளுங்கள். இல்லையென்றால் தென்னை மட்டை. பனைமட்டை இன்னும் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் கருக்கைச் சீவிவிட வேண்டும், டயரின் பக்கச்சுவரையும் உங்கள் கையையும் ஒன்றாகவே அறுக்கும். இரண்டாம் கியரில், உதறாமல், ஒரே சீராக வெளியே வந்து, தார் தொட்டதும் நில்லுங்கள். காற்றை நிரப்பாமல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

அதற்குத்தான் 12 வோல்ட் கம்ப்ரசர். பேட்டரி முனையில் கவ்வும் வகையை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகை பெரிய டயருக்கு இழுக்கும்போது அந்த ஃப்யூஸ் போய்விடும். ஜாக்கி மணலில் வண்டியைத் தூக்காது, தானே இறங்கும். ஓர் அடிச் சதுர 18 மி.மீ. ப்ளைவுட் ஒன்று அதன் அடியில்.

முள் டயரில் ஏறி உள்ளேயே முறியும். காற்று மெல்லத்தான் போகும், மறுநாள் காலையில்தான் தெரியும். சோப்பு நீர் தடவி இடத்தைக் கண்டு, குறடால் முள்ளை முழுதாக இழுத்து, பஞ்சர் கிட்டிலுள்ள ராஸ்ப்பை (அரம்போன்ற ஊசி) பத்து முறை ஏற்றி இறக்கி, பசை தடவிய ஸ்ட்ரிப்பை (ரப்பர் திரி) ஊசியால் செருகி, ஒரு சென்டிமீட்டர் வெளியே விட்டு ஊசியை வெடுக்கென இழுத்து வெட்டுங்கள். தரையைத் தொடும் பகுதிக்கு மட்டுமே இது. பக்கச்சுவர் என்றால் ஸ்டெப்னி. ட்யூப் டயர் வண்டியென்றால் ஒரு ட்யூப் கையில் இருக்கட்டும். நிழலுக்காகச் சீமைக்கருவேலத்தின் கீழ் நிறுத்துவது வேண்டாம். அரியமான் போன்ற இடத்தில் சவுக்கு நிழல் இருக்கிறது.

ஷாமியானா கட்ட மணலில் முளைக்குச்சி நிற்காது. சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்தால் அசையாது. கச்சான் வீசும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கட்டும், கதவு மறுபக்கம். வாடைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாம்பன் துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று காலையில் பாருங்கள். ஏறியிருந்தால் ராமேஸ்வரம் தீவை விட்டு, கரையிலிருந்து தள்ளி உள்நிலப் பக்கம் நகருங்கள். தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி இல்லை, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும்.

வைத்திருக்கக் கூடாதவை

சேட்டிலைட் போனும், செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கைக்கருவிகளும் நம் நாட்டில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். இது எல்லைக்கடல், சோதனைச் சாவடிகள் உண்டு. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனைப் பக்கம் இலங்கை அலைவரிசை பிடிக்கக்கூடும், போனில் ரோமிங்கை அணைத்துவையுங்கள். வேனின் உடலமைப்பை மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும். கூரையில் மாட்டும் பளீர் வெள்ளை எல்.இ.டி. பட்டை குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைக்கு இழுக்கும். வெளியே சிவப்பு விளக்கு ஒன்று போதும், அதுவும் தாழ்வாக.

ஊர் திரும்பியதும்

அடுத்த நாளைக்குத் தள்ளாமல் வாட்டர் சர்வீஸ். மேலே நுரை போடுவதைவிட அடிப்பக்கம் முக்கியம்: சக்கர வளைவுகள், சேஸிஸின் உட்பள்ளங்கள், ஸ்பிரிங் பட்டைகள், ஸ்டெப்னி மாட்டும் சட்டம். ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி மீது பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். அங்கே ஈரத்துணி. ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சிறகுகளையும் அப்படியே துடையுங்கள். பிரேக் ட்ரம்மில் மணல் கரகரத்தால் கழற்றி ஊதச் சொல்லுங்கள். ஒரு நாள் வெயிலில் எல்லாக் கதவும் திறந்து காய்ந்த பிறகு கீல்களுக்கு எண்ணெய், பேட்டரி முனைகளுக்குப் புது ஜெல்லி. பேட்டரியைப் பாதிச் சார்ஜில் விட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.